தம்பியின்ர படிவம்

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

வற்றாப்பளை அம்மன் துணையால நான் சுகம். அம்மம்மாவின்ர முழங்கால் நோ எப்பிடி? கனநாளா எழுதேல்லை எண்டு கோவிக்காதேங்கோ, வேலை கூட. உங்கட கடிதமும் காணாமல்போன தம்பியின்ர படிவமும் போன கிழமை கிடைச்சுது.

ரொறன்ரோவில குளிர் தொடங்கீற்றுது. என்ர நிலக்கீழ் அறை சூடுதான். வாடகையும் பிரச்சினையில்லை, பிந்தினாலும் மேல்வீட்டு ஆச்சி வாய் திறக்கமாட்டா. 84 வயசு, மசிடோனியன். செப்டெம்பரில கராஜ் வாசலில அடுப்பு மூட்டி, சாக்குக் கணக்கில சிவப்புக் கறிமிளகாய் சுட்டு என்னை உரிக்க விடுவா. ஒரு பொட்டுக் கரிஞ்ச தோல் ஒட்டியிருந்தாலும் திருப்பித் தருவா. நீங்கள் செத்தல் மிளகாய் வறுக்கிற ஞாபகத்தில கண் கலங்கீற்றுது. புகை எண்டு சொல்லிச் சமாளிச்சன்.

அப்பதான் தன்ர கதையைச் சொன்னா. 1948 இல கிரேக்கத்தில உள்நாட்டுச் சண்டை. வடக்குக் கிராமங்களிலயிருந்து 28,000 பிள்ளையளளவில எல்லை தாண்டிக் கொண்டுபோய் ருமேனியா, போலந்து, ஹங்கேரி எண்டு இல்லங்களில விட்டவையாம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஊர்ப் பொம்பிளை ஒராள் தாய் மாதிரிப் பொறுப்பாம். ஆச்சிக்கு அப்ப 8 வயசு. பெத்த தாயை 18 வயசில இஞ்சதான் கண்டவ. தாய் இவவின்ர முகத்தையே பாக்கேல்லையாம், தலைமயிரை விலக்கி உச்சித் தழும்பைத் தேடினவவாம்.

எனக்கு அண்டைக்கு நித்திரையில்லை. 2009 இல மாத்தளனில காயத்தோட என்னைச் செஞ்சிலுவைக் கப்பலில ஏத்தேக்க தம்பிக்கு 6 வயசு. அம்மா முள்ளிவாய்க்காலில போனதைக் கண்ட சனம் இருக்கு. அவன் வட்டுவாகல் பாலம் கடந்து ஆமிப் பக்கம் போனதைக் கண்டதெண்டு ராணி அக்கா இப்பவும் சொல்லுறாதானே.

கிராம சேவகர் விதானையார் சொல்லுறாரெண்டு அவனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்காதேங்கோ. 2016 இலயே சட்டத்தை மாத்திக் காணாமல்போன ஆளெண்டு சான்றிதழ் குடுக்க வழி செய்திருக்கினம். அதைக் கேளுங்கோ. பெரியப்பா அவன்ர பக்கக் காணியைச் சேத்து வேலி அடைக்க விடாதேங்கோ.

படிவத்தில அடையாளம் எண்ட இடத்தில இடக்கைப் பெருவிரல் நகம் பிளந்தது எண்டு எழுதுங்கோ. தேங்காய் திருவுற திருவலையில வெட்டினது, உங்கட குசினியிலதான். பாலர் பாடசாலை விளையாட்டுப் போட்டிப் படத்தில முன்வரிசையில நிக்கிறான், அதைப் பெருப்பிச்சு வையுங்கோ.

காசு அடுத்த மாதம் சேத்து அனுப்புறன், பாங்கில ஏதோ சுணக்கம். சுதாவின்ர கலியாணத்தைத் தையில வைக்காமல் சித்திரைக்குப் பிறகு பாருங்கோ. மாப்பிள்ளை வீட்டாரிட்ட லீவு கிடைக்காதெண்டு சொல்லுங்கோ.

அன்பு மகன்,
குமார்