பாடநூல் எழுதுவோருக்கு: ஆறு கொண்டுவரும் மக்னீசியம் எங்கே போகிறது?

புவியியல், வேதியியல் பாடநூல்களை எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கடல் ஏன் உப்பாக இருக்கிறது என்று நீங்கள் எழுதும் அந்த ஒரு பத்தியைப் பற்றித்தான் இந்த மடல். மழை பாறையைக் கரைக்கிறது, ஆறு அந்த உப்பைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, நீர் ஆவியாகிவிடுகிறது, உப்பு தங்கிவிடுகிறது. தவறில்லை. ஆனால் அத்தோடு நிறுத்திவிடுகிறீர்களே! இதைப் படிக்கும் பிள்ளை, அப்படியானால் கடலில் உப்பு ஏறிக்கொண்டே அல்லவா போக வேண்டும் என்று கேட்டால் புத்தகத்தில் பதில் கிடையாது.

மக்னீசியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 1.3 கிராம் இருக்கிறது. ஆறுகள் இன்று கொண்டுவரும் வேகத்தில், கடலில் உள்ள மொத்த மக்னீசியமும் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்குள் சேர்ந்துவிடும். கடலின் வயதோ நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள். வந்ததெல்லாம் எங்கே போயிற்று?

பெரும்பகுதி கடலுக்கு அடியில் இருக்கும் எரிமலைப் பாறைக்குள் போயிற்று. இது தெரியவந்த விதமே பாடத்தில் இடம்பெற வேண்டிய கதை. 1977இல் ஆல்வின் என்ற ஆய்வு நீர்மூழ்கி, பசிபிக் பெருங்கடலின் கலாபகோஸ் தீவுகள் அருகே கடலடியில் வெதுவெதுப்பான ஊற்றுகளைக் கண்டது. அந்த நீரைச் சோதித்த வேதியியல் ஆய்வாளர் ஜான் எட்மண்டும் அவருடன் உழைத்தவர்களும், சூடு கூடக்கூட மக்னீசியம் ஒரே நேர்கோட்டில் குறைவதைப் பார்த்தார்கள். கோட்டை நீட்டினால் ஏறக்குறைய 350 டிகிரி செல்சியஸில் அது பூஜ்ஜியத்தைத் தொடுகிறது. மேலே வரும் வழியில் குளிர்ந்த கடல்நீர் கலந்து நீர்த்துப்போவதற்கு முன், அடியில் மக்னீசியமே இல்லாத கொதிநீர் இருந்தாக வேண்டும் என்று அதற்குப் பொருள். 1979இல் கிழக்குப் பசிபிக் முகடு என்ற கடலடி எரிமலைத் தொடரில் கரும்புகை போலச் சீறும் ஊற்றுகள் கிடைத்தன, சூடு 350 டிகிரிக்கு மேல்! மக்னீசியம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

உள்ளே நடப்பது கடினமான வேதியியல் அல்ல, பள்ளிப் பிள்ளைகளுக்கே புரியும். விரிசல்களின் வழியே கடல்நீர் இறங்கிச் சூடாகிறது. மக்னீசியம் நீரிலிருக்கும் ஹைட்ராக்சைடையும் சேர்த்துக்கொண்டு பாறைக்குள் புகுந்து களிமண் கனிமமாகவும், சூடு அதிகமான ஆழத்தில் குளோரைட்டு என்ற பச்சைக் கனிமமாகவும் மாறுகிறது. ஹைட்ராக்சைடு போனதால் நீரில் ஹைட்ரஜன் அயனி மிஞ்சி, நீர் அமிலமாகிறது. அப்புறம் அந்த அமிலம் பாறையிலிருந்து இரும்பு, செம்பு, துத்தநாகம், மாங்கனீசு எல்லாவற்றையும் கரைத்து எடுக்கிறது, பாறையின் கால்சியமும் நீருக்கு வந்துவிடுகிறது. சூடான நீர் மேலேறி 2 டிகிரிக் கடல்நீரைத் தொட்டதும் உலோகமும் கந்தகமும் சேர்ந்த சல்ஃபைடுகள் கரும்பொடியாக உதிர்கின்றன. நாம் புகை என்பது அதைத்தான்.

பாறையின் பக்கமும் ஒரு பார்வை வேண்டும். கடலடி எரிமலைப் பாறையான பசால்ட்டு, புதிதாக உறைந்தபோது கன்னங்கரேலென்று, விளிம்பில் கண்ணாடி போலப் பளபளக்கும். மாறிய பசால்ட்டோ சாம்பல் கலந்த பச்சை நிறம். வாயுக் குமிழிகள் விட்டுப்போன குழிகளில் பச்சைக் களிமண், விரிசல் நெடுக வெள்ளைக் கால்சைட்டு நரம்பு. கிழக்குப் பசிபிக்கில் கோஸ்டா ரிகா பிளவு என்ற கடலடிப் பிளவுக்குத் தெற்கே, 504பி என்ற ஆய்வுத் துளையைக் கடலடியில் 2 கிலோமீட்டருக்கும் கீழே தோண்டியபோது இந்த மாற்றத்தை அடுக்கடுக்காகவே பார்க்க முடிந்தது: மேலே ஆக்சிஜன் பட்டுப் பழுப்பேறிய பாறை, கீழே போகப்போக குளோரைட்டு, ஆக்டினோலைட்டு, ஆல்பைட்டு என்று சூட்டில் உருவான கனிமங்கள். இது முகட்டின் உச்சியில் மட்டும் நடப்பதும் அல்ல. சூடு குறைந்த நீர், பாறைக்குப் பல கோடி வயதாகும் வரை அதற்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கனிமங்களில் கட்டுண்ட நீர், கடலடிப் பாறைத் தட்டு பூமிக்குள் அமிழும்போது வெளியேறி மேலிருக்கும் பாறையை உருக வைக்கிறது; கரையோர எரிமலைகள் பல அப்படித்தான் பிறக்கின்றன. உங்கள் எரிமலைப் பாடமும் கடல் பாடமும் சந்திக்கும் இடம் இது, நடுவில் நாற்பது பக்கம் இடைவெளி விட்டு அச்சிடுகிறீர்கள்.

நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். அடுத்த பதிப்பில் நீர்ச்சுழற்சிப் படத்தில் கடலடிப் பாறைக்குள் இறங்கும் ஓர் அம்புக்குறி, மேலே வரும் ஓர் அம்புக்குறி. இறங்குவதன் பக்கத்தில் மக்னீசியம், ஏறுவதன் பக்கத்தில் கால்சியம், இரும்பு என்று எழுதினால் போதும். அதோடு எட்மண்ட் குழுவின் அந்த நேர்கோட்டு வரைபடத்தையும் போட்டு, கோட்டை நீட்டும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நூல்களைப் படித்து வளர்ந்த வாசகர் ஒருவர்