வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு மடல்

தமிழ்நாட்டின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அரசுப் பள்ளிகளில் இருபத்தெட்டு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஜூன் மாதம் பள்ளி திறந்து கால அட்டவணையைச் சுவரில் ஒட்டும்போது ஒவ்வொரு வகுப்புக்கும் உடற்கல்விப் பாடவேளை இருக்கும். காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது அது கணக்குக்குப் போகும், அரையாண்டு நெருங்கும்போது அறிவியலுக்குப் போகும். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் முதல் நாளிலிருந்தே அது காகிதத்தில் மட்டும்தான். "சார், இந்த ஒரு பி.டி. பீரியடை மட்டும் குடுங்க, போர்ஷன் முடியல" என்று கேட்ட ஆசிரியர்கள் யாரும் தீய எண்ணத்தோடு கேட்கவில்லை. கொடுத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால், யாரையும் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அந்தப் பாடவேளையோடு பிள்ளைகளிடமிருந்து எது போகிறது என்பதை அப்போதே உங்கள் முன் தெளிவாகச் சொல்லாமல் விட்டேன். இப்போது சொல்கிறேன்.

பாடவேளை பறிபோகாத வகுப்புகளிலும் ஒரு குறை இருந்தது. நாற்பது பேர் மைதானத்துக்கு வந்தால் பன்னிரண்டு பேர் விளையாடுவார்கள், மற்றவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். குறுவட்டப் போட்டிக்கும் மாவட்டப் போட்டிக்கும் அணி தயாராக வேண்டும், கோப்பை வர வேண்டும், அது தலைமையாசிரியர் அறை அலமாரியில் இருக்க வேண்டும் என்பதே எங்களுக்கு இடப்பட்ட பணியாக இருந்தது. மரத்தடியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண் பிள்ளைகள்; உடல் பருத்தவர்கள், மெலிந்தவர்கள், "எனக்கு விளையாட வராது சார்" என்று தாங்களே ஒதுங்கிக்கொண்டவர்கள் மற்றவர்கள். உடற்கல்வி யாருக்கு முதலில் தேவையோ, அவர்கள்தான் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

விளையாட்டுத் திறமை வேறு, உடல்தகுதி வேறு. வேகம், சுறுசுறுப்பு, சமநிலை, ஒருங்கிணைப்பு, வெடிப்பாற்றல் (நொடிப்பொழுதில் முழு வலிமையையும் செலுத்தும் திறன்), எதிர்வினை வேகம் ஆகியவை திறன் சார்ந்த கூறுகள். சடுகுடுவில் ஏறிப் பிடிப்பவனுக்கும் கோ-கோவில் தூணைச் சுற்றித் திரும்புபவளுக்கும் அவை வேண்டும். இதய-நுரையீரல் தாங்குதிறன், தசை வலிமை, தசைத் தாங்குதிறன், நெகிழ்வுத்தன்மை, உடற்கட்டமைப்பு (உடலில் கொழுப்பும் தசையும் இருக்கும் விகிதம்) ஆகிய ஐந்தும் உடல்நலம் சார்ந்த கூறுகள். இவை ஒரு பந்தைக்கூடத் தொடாத பிள்ளைக்கும் வாழ்நாள் முழுவதும் வேண்டும். நம் பள்ளிகள் முதல் வகையைத் தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுக்கின்றன, இரண்டாவது வகையை அளந்துகூடப் பார்ப்பதில்லை.

தாங்குதிறனை எடுத்துக்கொள்ளுங்கள். 200 மீட்டர் தடத்தில் மூன்று சுற்று, அதாவது 600 மீட்டர் ஓடச் சொன்னால், பழக்கமில்லாத மாணவன் முதல் சுற்றில் பாய்ந்து ஓடுவான். இரண்டாம் சுற்றின் நடுவில் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான். தன் மூச்சுக்கு ஏற்ற வேகம் எது என்பதை அவன் உடல் இன்னும் கற்றிருக்காது. வாரத்தில் மூன்று நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் பத்து நிமிடம் ஓடவைத்தால், இரண்டு மாதத்தில் அதே மாணவன் மூன்று சுற்றையும் நிற்காமல் முடிப்பான். ஓடுவதற்கு முன் மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடிக்கு நாடித்துடிப்பை எண்ணி, அதை நான்கால் பெருக்கி நோட்டில் எழுதச் சொல்வேன். பயிற்சி தொடரத் தொடர, ஓய்வு நேரத் துடிப்பு பலருக்கும் மெல்லக் குறையும். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்பைவிட அதிக இரத்தத்தை அனுப்பக் கற்றுக்கொள்வதே அதற்குக் காரணம். அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளையின் முகம் எந்தக் கோப்பை வாங்கிய முகத்துக்கும் குறைந்ததன்று.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இன்னும் என் நினைவில் இருக்கிறாள். காலை நீட்டி உட்கார்ந்து, மரப்பெட்டியின் மேலுள்ள அளவுகோலில் விரல்களை முன்னோக்கித் தள்ளும் சோதனை அது. அவள் விரல்கள் பாதத்தை எட்டவில்லை, முழங்கால் தானாக மேலே எழுந்தது, பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களையும் உட்காரவைத்து அளந்தேன். பாதிப் பேருக்கு எட்டவில்லை. பெஞ்சில் ஏழு மணி நேரம், அதன்பின் டியூஷனில் இரண்டு மணி நேரம் மடங்கியே இருக்கும் தொடையின் பின்தசை வேறு எப்படி இருக்கும்? தினமும் ஐந்து நிமிடம் நீட்சிப் பயிற்சி செய்து, ஆறு வாரத்தில் அவள் பாதத்தைத் தாண்டி இரண்டு விரற்கடை முன்னே தொட்டாள். அதற்குப் பிறகு அவள் மரத்தடிக்குப் போகவில்லை.

விளையாட்டு வீரராக இல்லாதவருக்கும் உடல் அசைவு உயிர் காக்கும் என்பதற்கு எழுபது ஆண்டுப் பழைமையான சான்று இருக்கிறது. லண்டன் நகரின் இரட்டை மாடிப் பேருந்துகளில் வேலை செய்த ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் மருத்துவர் ஜெர்ரி மாரிஸ் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1953-இல் முடிவுகளை வெளியிட்டார். நாள் முழுவதும் இருக்கையில் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, டிக்கெட் கொடுப்பதற்காக நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. அவர்கள் எந்த அணியிலும் ஆடியவர்கள் அல்லர், படி ஏறியவர்கள் மட்டுமே. நம் மரத்தடிப் பிள்ளைகளுக்கும் அந்த அளவுக்காவது வாய்ப்பு வேண்டாமா?

இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவோடும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையிலும் இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இரத்தத்திலுள்ள சர்க்கரையைப் பெருமளவில் வாங்கிக்கொள்ளும் இடம் தசைதான். வேலை செய்யும் தசை, இன்சுலின் குறைவாக இருக்கும்போதும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே தசை வலிமை என்பது கட்டுமஸ்தாகத் தெரிவதற்கான ஆசை அன்று. எலும்பின் கதையும் இதுவே. வாழ்நாளுக்கான எலும்பு அடர்த்தியின் கணிசமான பகுதி பூப்பெய்தும் காலத்தை ஒட்டிய சில ஆண்டுகளில் சேர்கிறது, குதித்தலும் ஓடுதலும் அதைக் கூட்டுகின்றன. அதே ஆண்டுகளில்தான் நாம் பெண் பிள்ளையை மைதானத்திலிருந்து விலக்கி உட்காரவைக்கிறோம். மாதவிடாய் நின்றபின் இடுப்பெலும்பு முறியும் வயதில் அந்த இழப்பை யாராலும் ஈடுகட்ட முடியாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமானது முதல் கடுமையானது வரையிலான உடலியக்கமும், வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்களும் வேண்டும் என்கிறது. அதன் பயன்களாக அது பட்டியலிடுபவற்றில் அறிவாற்றலும் மனநலமும் உண்டு. தேர்வுக்காகப் பாடவேளையை எடுப்பவர்கள் இந்த ஒரு வரியையாவது கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். டியூஷன் முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு சேரும் பிள்ளைக்கு, அந்த 60 நிமிடத்தில் ஒரு பகுதியேனும் கிடைக்கக்கூடிய ஒரே இடம் பள்ளிதான்.

உங்களிடம் நான் வேண்டுவது பெரிய செலவு பிடிப்பதன்று. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு உட்பட எந்த வகுப்பின் உடற்கல்விப் பாடவேளையையும் மார்ச் வரை வேறு பாடத்துக்கு மாற்ற அனுமதிக்காதீர்கள். உச்சி வெயிலில் போடாமல் காலையிலோ கடைசிப் பாடவேளையிலோ அதை வையுங்கள், ஒரே மைதானத்துக்கு மூன்று வகுப்புகளை ஒன்றாக அனுப்பாதீர்கள். பெண் பிள்ளைகள் தயக்கமின்றி ஓட உடை மாற்றும் அறையும் தண்ணீரும் வேண்டும், இதை மேலாண்மைக் குழுவின் தாய்மார்கள் கேட்டு வாங்க முடியும். ஆண்டுக்கு இருமுறை, ஜூலையிலும் ஜனவரியிலும், ஒவ்வொரு பிள்ளைக்கும் உடல்தகுதிச் சோதனை நடத்தி, தன் பழைய அளவை அவன் எவ்வளவு முந்தினான் என்பதை மட்டும் மதிப்பெண் அட்டையோடு பெற்றோருக்குக் காட்டுங்கள். உயரம், எடை அளக்கும்போது மட்டும் ஒரு கவனம் வேண்டும். அந்த அளவுகளை வகுப்பு முன்னால் உரக்கப் படிக்கவே கூடாது. அப்படிப் படித்ததால் அடுத்த வாரம் வயிற்று வலி என்று விடுப்பு எடுத்த பிள்ளைகளை நான் அறிவேன்.

என்னிடம் ஒரு நிறுத்தற்கடிகாரமும், 30 மீட்டர் அளவு நாடாவும், நானே தச்சன் ஒருவரிடம் செய்து வாங்கிய அந்த மரப்பெட்டியும் இருக்கின்றன. முதல் சோதனையை எப்படி நடத்துவது என்று தெரிந்துகொள்ள விரும்பும் பள்ளி எங்கள் மாவட்டத்தில் எதுவாக இருந்தாலும், ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் போதும், காலை பிரார்த்தனைக் கூட்டத்துக்கு முன்பே வந்து சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்