பெரியப்பாவின் பெட்டியில் இருந்த மெட்ராஸ்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய ஸ்கேன்களை எல்லாம் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். பெரியப்பாவின் தகரப் பெட்டிக்குள் இத்தனை வருஷம் கிடந்த படங்களை டொராண்டோவுக்கு எடுத்துக்கொண்டு போய், தூசி தட்டி, புத்தகமாக அச்சடிக்கலாம் என்று உனக்குத் தோன்றியதே, அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் படங்களுக்கு அடியில் நீ எழுதியிருக்கும் வரிகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஃபோனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு படத்துக்கு அடியில் 'நைன் ஜெம்ஸ், 1970' என்று ஒரு நைட் கிளப்பின் பெயரும் வருஷமும் அச்சாகிவிட்டால் அப்புறம் அதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். உன் பிள்ளைகளுக்கு அதுதான் சரித்திரம். கோயிலுக்குக் கல்வெட்டு இருக்கிறது, கோர்ட்டுக்குப் பதிவேடு இருக்கிறது. ராத்திரியில் ஜனங்கள் கூடிப் பாட்டுக் கேட்ட, ஆடிய இடங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இடித்துவிட்டால் மிஞ்சுவது இந்த மாதிரி குடும்பப் படங்கள் மட்டும்தான். அதனால் படம் தானாகச் சொல்வதை மட்டும் எழுது. நமக்கு எது பிடிக்கும் என்பதை எழுதாதே. இதற்காக நீ என்னைப் பிடிவாதக்காரன் என்று நினைத்தாலும் சரி.

முதல் படத்தை எடுத்துக்கொள்வோம். பெரியப்பா சாக்ஸஃபோன் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நிற்கிறார். நீ '1970, மவுண்ட் ரோடு' என்று போட்டிருக்கிறாய். இடம் சரிதான். வருஷத்துக்கு அவர் முகத்தைப் பார்க்காதே, அவருக்குப் பின்னால் பார். தூரத்தில் தெரிகிற உயரமான கட்டிடம் எல்.ஐ.சி. அது திறந்தது 1959 இல். பெரியப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கும் கார் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். நம்ம ஊரிலேயே செய்த கார், 1961 இல்தான் விற்பனைக்கு வந்தது. ஆக அதற்கு முன்னால் இந்தப் படம் எடுத்திருக்க முடியாது. சரி, எதற்குப் பின்னால் இருக்க முடியாது? படத்தின் இடது ஓரத்தில் ரவுண்டானா சந்திப்பு தெரிகிறது, அங்கே அண்ணா சிலை இல்லை. 1968 ஜனவரி 1 ஆம் தேதி, உலகத் தமிழ் மாநாட்டுச் சமயத்தில் அந்தச் சிலையைத் திறந்தார்கள், அண்ணா உயிரோடு இருந்தபோதே. எனவே இது 1961க்கும் 1967க்கும் நடுவில் எடுத்த படம். அப்படியே எழுது. ஒற்றை வருஷம் போட்டால்தான் அழகு என்று நினைக்காதே. இந்த ஆறேழு வருஷ இடைவெளிதான் நமக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

இடத்தைக் கண்டுபிடிக்க எப்போதும் ஓரத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். படம் எடுக்கிறவன் நடுவில் நிற்கிற ஆளைத்தான் பார்ப்பான். ஓரத்தில் விழும் பாதிப் பலகை, விளக்குக் கம்பம், பஸ்ஸின் பின்பக்கம் எல்லாம் அவன் நினைக்காமல் வந்தவை, அதனாலேயே அவற்றை நம்பலாம். பஸ்ஸில் பல்லவன் என்று அரசு பஸ் கழகத்தின் பெயர் இருந்தால் 1972க்குப் பிறகு. ரோட்டில் டிராம் தண்டவாளமும் மேலே கம்பியும் ஓடுகிற டிராமும் இருந்தால் 1953 ஏப்ரலுக்கு முன்னால், அந்த மாதத்தோடு மெட்ராஸில் டிராம் நின்றுபோனது. விலைப்பலகையில் அணா என்றிருந்தால் பெரும்பாலும் 1957க்கு முன்பு. 'ந.பை.' என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில், நயா பைசா என்ற பெயர் அவ்வளவு நாள்தான் இருந்தது. பெட்டியில் இருக்கும் ஹோட்டல் கார்டுகளையும் இப்படிப் பார்க்கலாம். வெறும் 'மெட்ராஸ்-2' என்று போட்டவை எந்தக் காலத்திலும் இருக்கலாம், ஏனென்றால் பழக்கத்தில் பின்னாளிலும் அப்படி எழுதினார்கள். ஆனால் 600 002 என்று ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்கு முன்னால் அச்சடித்திருக்க வழியில்லை. பலகையில் 'மவுண்ட் ரோடு' என்றிருப்பதை மட்டும் வைத்துக் காலம் சொல்லாதே. அண்ணா சாலை என்று மாறிய பிறகும் கடைக்காரர்கள் பழைய பெயரை விடவில்லை, நானும் விடவில்லை.

பலகை விஷயத்தில் இன்னொன்று. பெயர் மாறும், கட்டிடம் மாறாது. மவுண்ட் ரோட்டில் இருக்கும் நம் வி.ஜி.பி. கட்டிடத்தையே பார். முதலில் ஒயிட்வே லெய்ட்லா என்ற வெள்ளைக்காரக் கடை. அப்புறம் சுதேசமித்திரன் பத்திரிகை வாங்கி விக்டரி ஹவுஸ் என்று பெயர் வைத்தது. அதற்கும் அப்புறம்தான் வி.ஜி.பி. மூன்று காலத்துப் படத்தை அடுத்தடுத்து வைத்தால் மூன்று வெவ்வேறு இடம் என்றுதான் நினைக்கத் தோன்றும். அதனால் பலகையைப் படிப்பதற்கு முன் ஜன்னல்களை எண்ணு, மேல் வளைவைப் பார், மாடத்தின் கைப்பிடிச் சுவரைப் பார். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: எல்ஃபின்ஸ்டன் தியேட்டர் நின்ற இடத்தில் இன்று ரஹேஜா கட்டிடம். அங்கே பழசோடு ஒப்பிட ஒரு செங்கல்கூடக் கிடையாது. எதிர்ச்சாரியில் மிச்சமிருப்பதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். பழைய எலெக்ட்ரிக் தியேட்டர் 1913 இல் வந்தது. அது அதிர்ஷ்டசாலி, மவுண்ட் ரோடு தபால் நிலைய வளாகத்துக்குள் தபால்தலைப் பிரிவாக இன்னும் நிற்கிறது. நீ வரும்போது கூட்டிக்கொண்டு போகிறேன்.

பெரியப்பா மேடையில் வாசிக்கிற ஏழாவது படத்தை நீ திருப்பிப் போட வேண்டும். அவர் வலது கை மேலே, இடது கை கீழே இருக்கிறது. சாக்ஸஃபோனை அப்படிப் பிடிக்கவே முடியாது. யார் வாசித்தாலும், இடக்கைக்காரர் ஆனாலும், இடது கைதான் மேலே. கோட்டின் மேல் பாக்கெட்டும் வலப்பக்கம் இருக்கிறது பார். பக்கத்தில் பாடுகிற அம்மாளின் புடவைத் தலைப்பும் வலது தோளில். நெகட்டிவை மறுபக்கமாக வைத்து ஸ்கேன் செய்திருக்கிறாய். இருட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இது முதல் பாடம்: மங்கலான பக்கம் எமல்ஷன், அதாவது படம் பதியும் பூச்சு, பளபளப்பான பக்கம் அதன் முதுகு. இதைச் சின்ன விஷயம் என்று விடாதே. படம் திரும்பியிருந்தால் வாசல் இடப்பக்கமா வலப்பக்கமா, மேடை எந்த மூலையில் என்று எல்லாமே தலைகீழாகிவிடும். அப்புறம் அதே அறையின் இன்னொரு படத்தோடு அது எப்படிப் பொருந்தும்? திருப்பிய பிறகு பெரிய டிரம்மின் முகத்தில் இருக்கும் எழுத்துகளும் படிக்கக் கிடைக்கும். பேண்டின் பெயரை அங்கேதான் எழுதுவார்கள்.

இப்போது நீ ஆசையாக 'நைன் ஜெம்ஸ்' என்று எழுதிய பதினோராவது படம். ஐந்து பேர் வாசிக்கிறார்கள், முன்னால் மேஜைகள், மேஜைமேல் பாட்டில்கள், சிரித்த முகங்கள். நைன் ஜெம்ஸில் பெரியப்பா வாசித்தார் என்பது உண்மை, அவர் வாயாலேயே பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். சஃபையர் தியேட்டர் வளாகத்தின் நிலவறையில் இருந்த கிளப் அது. சஃபையர், புளூ டைமண்ட், எமரால்ட் என்று மூன்று தியேட்டர் ஒரே கூரையின் கீழ், 1964 இல் திறந்தார்கள். புளூ டைமண்டில் இடைவிடாமல் படம் ஓடும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். வெயிலுக்கு ஒதுங்கி ஏசியில் உட்கார்ந்து ஒரே படத்தை இரண்டு தரம் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். கீழே நைன் ஜெம்ஸில்தான், அறுபதுகளின் கடைசியில், உஷா ஐயர் என்ற பெண் காஞ்சிபுரம் புடவை கட்டிக்கொண்டு ஆங்கிலப் பாட்டுப் பாடினார். இன்று ஊருக்கெல்லாம் தெரிந்த உஷா உதுப் அவர்தான். கிளப்பில் பாடுகிறவள் என்றால் இப்படித்தான் உடுத்துவாள் என்று ஊர் வைத்திருந்த எண்ணத்தைப் புடவையோடு மேடையேறியே மாற்றினார். அங்கேயிருந்து கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் டிரிங்காஸ் ரெஸ்டாரண்ட், பிறகு நாடு முழுவதும். அவ்வளவு பெரிய வாழ்க்கை தொடங்கிய அறைக்கு இன்று சுவர்கூட இல்லை. தியேட்டர்களை மூடி, இடித்து, அந்த மனை பல வருஷம் காலியாகக் கிடந்தது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு மனசு என்னவோ செய்யும். அதனால் நீ ஏன் அந்தப் பெயரை எழுத ஆசைப்பட்டாய் என்று எனக்கு நன்றாகப் புரிகிறது.

ஆனால் அந்தப் பாட்டில்களைப் பார்த்தாயா? 1948 இலிருந்து மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971 இல் கலைஞர் அரசு தளர்த்தி, 1974 இல் மறுபடி கொண்டுவந்தது. அறுபதுகளின் மெட்ராஸில் நைட் கிளப் என்றால் பாட்டும் ஆட்டமும் காபியும் குளிர்பானமும்தான். வெளிநாட்டுக்காரருக்கும் குடிக்க அரசு பெர்மிட் வைத்திருந்தவருக்கும் தனி ஏற்பாடு உண்டு, எல்லார் முன்னாலும் மேஜைமேல் வைத்துக் குடிக்க முடியாது. ஆகவே அந்தப் பாட்டில்கள் பீர் என்றால் ஒன்று அது 1971க்கும் 1974க்கும் இடைப்பட்ட மெட்ராஸ், இல்லையென்றால் பெரியப்பா சில மாதம் வாசிக்கப் போயிருந்த கல்கத்தா. பாட்டில் சோடாவாக இருந்தால் கதை வேறு. ஸ்பென்சர் கம்பெனி சோடாவும் கலரும் மெட்ராஸ் முழுக்கப் பிரசித்தம், அதெல்லாம் மேஜைமேல் தாராளமாக நிற்கும். நீ அனுப்பிய அளவில் லேபிள் தெரியவில்லை. 1200 டிபிஐயில் அந்த மூலையை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பு. கழுத்து நீளமா, தோள் உருண்டையா, மூடி எப்படி என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இன்னொரு சந்தேகம், வலது ஓரத்தில் திரைச்சீலை விலகிய இடத்தில் வெளிச்சம். அது ஜன்னல் என்றால் நிலவறையில் ஜன்னலுக்கு என்ன வேலை? சுவர் விளக்காகவும் இருக்கலாம், ஆனால் நிழல்கள் அந்தப் பக்கத்திலிருந்துதான் விழுகின்றன, ஃப்ளாஷின் நிழல் அப்படி விழாது. பகல் வெளிச்சம் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஜாம் செஷனாக, எல்லாரும் சும்மா கூடி வாசிப்பதாக, இருக்கும். கல்கத்தாவாக இருந்தால் நமக்கு ஒரு வசதி உண்டு: டிரிங்காஸ், மொகாம்போ ஆகிய ரெஸ்டாரண்டுகள் இன்னும் அதே பார்க் ஸ்ட்ரீட்டில் நடக்கின்றன, தூண்களையும் கூரையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். புளூ ஃபாக்ஸ் மட்டும் போய்விட்டது. இவை தீரும் வரைக்கும் பதினோராவது படத்துக்கு அடியில் 'பெரியப்பாவின் குழு, இடம் உறுதியாகவில்லை' என்று போடு. படத்தில் சிரிக்கிறவர்களுக்கு அதனால் ஒரு குறையும் வராது. தப்பான ஊரில் அவர்களை உட்கார வைத்தால்தான் குறை.

என் பக்கத்து வேலையையும் சொல்லிவிடுகிறேன். எழும்பூர் கன்னிமரா நூலகத்தில் பழைய தினசரிகளைப் பார்க்கப் போகிறேன். சினிமா விளம்பரங்களுக்குக் கீழே ஹோட்டல்களும் கிளப்புகளும் அன்றிரவு யார் வாசிக்கிறார்கள் என்று கட்டம் கட்டிப் போடுவார்கள். டிரம்மில் இருக்கும் பேண்ட் பெயர் தெரிந்தால் அதை அங்கே தேடலாம். தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் கேட்க வேண்டும். பெரியப்பாவோடு வாசித்த ஆங்கிலோ இந்திய நண்பர் ஒருவர் வேப்பேரியில் இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் பிரமாதம். அவரிடம் படத்தைக் காட்டும்போது 'இது நைன் ஜெம்ஸ்தானே அங்கிள்' என்று கேட்க மாட்டேன். நாம் பெயரைச் சொன்னால் வயதானவர்கள் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். படத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் முறை. இடம் நினைவில்லாவிட்டாலும், டிரம் வாசித்தவர் யார், அவர் எந்த வருஷம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனார் என்று சொல்லிவிடுவார். அது போதும், அந்த வருஷத்துக்குப் பிறகு அந்தப் படம் இருக்க முடியாது.

கதவு எண் ஏதாவது படத்தில் தெரிந்தால் உடனே கூகுள் மேப்பில் தேடி முடிவு கட்டாதே. இங்கே பழைய எண், புதிய எண் என்று ஒவ்வொரு வாசலுக்கும் இரண்டு உண்டு, அதற்கும் முன்னால் வேறொன்று இருந்திருக்கும். எனக்கு அனுப்பு, நேரில் நடந்து பார்த்துச் சொல்கிறேன்.

அப்புறம், எல்லாப் படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய். நீ முன்பக்கம் மட்டும் அனுப்பியிருக்கிறாய். ஸ்டுடியோ முத்திரை, பிரிண்ட் எண், பெரியப்பாவின் பென்சில் கிறுக்கல் எல்லாம் பின்னால்தான் இருக்கும். ஆல்பத்தில் ஒட்டியிருப்பவற்றைப் பிய்க்காதே, பிய்த்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும்; அவற்றை அப்படியே கொண்டு வா, இங்கே மெதுவாகப் பார்க்கலாம். படத்தின்மேல் நீ எதுவும் எழுதுவதாக இருந்தால் பின்னால், ஓரத்தில், மெல்லிய பென்சிலால் மட்டும். பால்பாயிண்ட் வேண்டவே வேண்டாம்.

அம்மாவுக்கு முதல் படத்தில் பெரியப்பா போட்டிருக்கும் கோடு போட்ட சட்டை ஞாபகம் இருக்கிறதாம், வேலூர் கல்யாணத்துக்குத் தைத்தது என்கிறாள். அந்தக் கல்யாணப் பத்திரிகை இங்கே பீரோவில் எங்கேயோ இருக்க வேண்டும். கிடைத்தால் அந்த ஆறேழு வருஷம் இன்னும் குறுகும். தேடிவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா