ஒன்பது விடைத்தாள்கள்

ஹட்டன்
ஞாயிறு மாலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. பண்டாரவளைக் குளிரில் முழங்கால் வலி கூடிவிட்டதாக எழுதியிருந்தாய். எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிடாதே. பத்தனைக் கல்வியியற் கல்லூரியில் ஒரே அறையில் இருந்த நாட்களில் உன்னிடம் கேட்காமல் நான் எதையும் முடிவு செய்ததில்லை. இம்முறை முடிவு செய்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பத்தாம் தரத்துக் குடியியற் கல்வித் தவணைப் பரீட்சைக்கு நானே வினாத்தாள் தயாரித்தேன். மலையக மக்களின் பிரசாவுரிமையைப் பறித்த சட்டம் எது, எந்த ஆண்டில் வந்தது, அதனால் நேர்ந்தது என்ன என்று ஒரு வினா. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் என்பது விடை. இரவு திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு தாளில் 1984 என்று கண்டேன். இலக்கம் மாறிவிட்டது போலும் என்று அரைப் புள்ளி கொடுத்து நகர்ந்தேன். நான்காவது தாளிலும் அதே 1984. எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பார்த்தேன். ஒன்பது தாள்களில் 1984, அந்த ஒன்பதிலும் ‘பிரசாவுறிமை’ என்று வல்லின றகரம், அதே இடத்தில் அதே அரைகுறை வாக்கியம். பிரதி எடுத்த இடத்திலிருந்து வினாத்தாள் வெளியே போயிருக்கிறது. யாரோ ஒரு மூத்த பையன் அவசரத்தில் விடை எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். அவனுடைய கைப்பிழை ஒன்பது கைகளில் ஏறிவிட்டது.

கொப்பியடித்தது புதிதல்ல. அந்த ஆண்டுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த ஒன்பது பேரில் ஏழு பேர் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள். நாடற்றவர் என்ற பெயரோடு வாழ்ந்த அப்பாயியும் அம்மாயியும் இன்னும் அவர்களுடைய வீட்டில் இருக்கிறார்கள். அப்படியிருந்தும், வந்த விடையை ஒருமுறை வாசித்து, இது பொருந்துமா என்று கேட்க ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். ஒன்பதில் ஒரு பிள்ளையின் தகப்பனார் திருச்சபைச் செயற்குழுவில் இருப்பவர் என்பதால், மன்னிப்பதுதானே கிறிஸ்தவம், காலை ஆராதனையில் ஒரு ஜெபத்தோடு முடித்துவிடலாம் என்றார் ஒருவர். அந்த வினாவுக்கு எல்லோருக்கும் முழுப் புள்ளி கொடுத்துவிடலாம் என்றார் இன்னொருவர். 2024 செப்டெம்பரில் நடந்த ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, மூன்று வினாக்களுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் புள்ளி வழங்க எடுத்த முடிவை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை என்பதை நான் நினைவூட்டினேன். நேர்மையாகப் படித்த பிள்ளையின் உழைப்பை அந்த இலவசப் புள்ளி ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும் அல்லவா? மன்னிப்பைப் பற்றியும் சொன்னேன். சகேயுவின் வீட்டில் இயேசு தங்கியதை ஞாயிறு பள்ளியில் பாட்டாகவே பாடுகிறோம். அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாக அவன் எழுந்து நின்று சொன்ன பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

ஒன்பது பேரையும் விலக்கிவிட வேண்டும் என்று கடுமையாகப் பேசியவர்களும் இருந்தார்கள். அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது. அதிகாரிகள் வருவதற்கு முதல் நாள், நடத்தாத கணிப்பீடுகளுக்குப் பதிவேட்டில் புள்ளி நிரப்பியவள் நான் என்று எழுந்து நின்று சொன்னேன். நாற்காலிகள் அசையும் சத்தம்கூட இல்லை. மற்றவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

பிற்பகலில் பெற்றோரை அழைத்தோம். ஒரு தாய் மலையிலிருந்து நேராக வந்திருந்தாள், விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “டீச்சர், கொழுந்து நிறுக்கிற எடத்துல ரெண்டு கிலோவ அநியாயமா கழிச்சா நாங்க சண்டைக்கு நிக்கிறோம். எம்புள்ள இல்லாத நிறைய இருக்குன்னு காட்டியிருக்கா. மறுபடி நிறுத்துப் பாருங்க, வர்றத போடுங்க” என்றாள். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்ற நீதிமொழிகளின் வசனத்தை எத்தனை காலை ஆராதனைகளில் வாசித்திருப்பேன்! நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் என்ற பயத்தோடு நாள்தோறும் அந்தத் தராசின் முன் நிற்கிறவளுக்குத்தான் அது விளங்கியிருக்கிறது.

அவள் சொன்னதையே அதிபரிடம் சொன்னேன், அவரும் ஒப்புக்கொண்டார். ஒன்பது பேருக்கும் புதிய வினாத்தாள், வந்த புள்ளி வந்தபடியே பதிவாகும், சபை முன்னால் யாருடைய பெயரும் வாசிக்கப்படாது. அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சையில் இதே காரியத்தைச் செய்தால் 1968ஆம் ஆண்டின் பொதுப் பரீட்சைகள் சட்டம் குறுக்கே நிற்கும் என்பதைப் பிள்ளைகளை உட்காரவைத்து விளக்கினேன்.

சென்ற புதன்கிழமை எழுதினார்கள். அந்தத் தாயின் மகளுக்கு முப்பத்தொரு புள்ளிதான். ஆனால் 1948ஐ எழுதிவிட்டு, நான் கேட்காத ஒன்றையும் கீழே சேர்த்திருந்தாள்: 2003ஆம் ஆண்டின் சட்டம் வந்த பிறகுதான் தன் அப்பாயிக்குப் பிரசாவுரிமை கிடைத்ததாம், அப்பாயியிடம் இரவில் கேட்டு எழுதியதாம். அந்த வரிக்குப் புள்ளித் திட்டத்தில் இடமில்லை. புள்ளி போடாமல், வாசித்தேன் என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

செயற்குழுக்காரர் தம் பிள்ளையை எழுத அனுப்பவில்லை. இன்று ஆலயத்தில் என் முகத்தையும் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

அடுத்த மாதம் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து பதிவேடு பார்க்க வருகிறார்கள். நடத்தாத கணிப்பீடுகளுக்கான கட்டங்களை இம்முறை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். நீயும் பதிவேடு எழுதுகிறவள்தான்; என்ன நினைக்கிறாய் என்று ஒளிக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி