மோட்டார் படகு மூக்கைத் தூக்கும்போது

ஊட்டி,
மே 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். சீசன் கூட்டத்தில் சேரிங்கிராஸைத் தாண்டவே அரை மணி நேரம் ஆகிறது. நீ கயாக் என்கிற ஒற்றை ஆள் துடுப்புப் படகு வாங்கிவிட்டதாகவும், இந்த மாதமே ஒண்டாரியோ ஏரியில் இறக்கப்போவதாகவும் அம்மா சொன்னாள். வேண்டாம் என்று எழுதவில்லை. அந்த ஏரியில் மோட்டார் படகும் ஓடுகிறது என்றாயாம். ஸ்டியரிங் பிடிக்கிறவன் பக்கத்திலிருந்து நீ எப்படித் தெரிவாய், எப்போது தெரியவே மாட்டாய் என்று எழுதுகிறேன்.

பைக்காரா ஏரியில் ஸ்பீடு போட் கிளம்புவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? வேகத்தைக் கூட்டியதும் பின்பக்கம் அமுங்கி, மூக்கு வானத்தைப் பார்க்கும். போட்டு தண்ணீர்மேல் ஏறிச் சமமாக ஓடத் தொடங்கும்வரை ஓட்டுகிறவனுக்கு நேர் எதிரே இருப்பது தெரியாது. பின்சீட்டில் ஆள் அதிகம் இருந்தால் மூக்கு இறங்க இன்னும் நேரமாகும். பாதி வேகத்தில் ஓடுகிற போட்டு பல சமயம் மூக்கைத் தூக்கியபடியேதான் வரும். 'மெதுவாகத்தானே வருகிறான், பார்த்துவிடுவான்' என்று நீ நினைப்பது அந்த நேரத்தில்தான். அவனுக்கு உன்னைப் பார்க்க வழியே இருக்காது. கயாக்கில் உட்கார்ந்தால் உன் தலை தண்ணீருக்கு மேலே மூன்றடி இருந்தால் அதிகம். கொஞ்சம் அலை எழுந்தாலும் தலையும் தோளும் விட்டுவிட்டுத்தான் தெரியும்.

இப்போது ஒரு கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டரில் வருகிற போட்டு நொடிக்கு 11 மீட்டர் ஓடும். நிதானமாகத் துடுப்புப் போட்டால் நீ மணிக்கு 5 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 1.4 மீட்டர். அவன் பாதையைவிட்டு 30 மீட்டர் விலக உனக்கு 21 நொடி வேண்டும். கயாக்கைத் திருப்பி வேகம் எடுக்க 5 நொடி சேர்த்துக்கொள். அந்த 26 நொடியில் அவன் 286 மீட்டர் வந்திருப்பான். ஆகவே 300 மீட்டர் தூரத்தில் நீ விலக ஆரம்பித்திருக்க வேண்டும். அவன் பார்த்தானா என்று கையை ஆட்டிக் காத்திருக்க அதில் நேரம் கிடையாது. அரை கிலோமீட்டரில் வரும்போதே கண் வைத்துவிடு.

மோதுமா மோதாதா என்று கண்டுபிடிப்பது சுலபம். கயாக்கை ஒரே திசையில் பிடித்துக்கொண்டு, அந்தப் போட்டு உன் கயாக்கின் எந்த இடத்துக்கு நேராகத் தெரிகிறது என்று பார். கயாக்கின் மேல்பக்கம் ஓடுகிற கயிற்றின் ஒரு முடிச்சாக இருக்கலாம், சாமான் வைக்கிற அறையின் மூடி விளிம்பாக இருக்கலாம். அரை நிமிடம் கழித்தும் அதே முடிச்சுக்கு நேராக நின்று, உருவம் மட்டும் பெரிதாகிக்கொண்டிருந்தால் இரண்டு பேரும் ஒரே புள்ளிக்குப் போகிறீர்கள். முடிச்சைவிட்டு முன்பக்கமாக நகர்ந்தால் அவன் உனக்கு முன்னால் கடந்துவிடுவான். நகரவில்லையென்றால் நின்றுவிடு, இல்லாவிட்டால் அவனுக்குப் பின்னால் போகும்படி திரும்பு. முந்திக் கடக்க மட்டும் பார்க்காதே. திரும்புவதையும் ஒரேயடியாக, அவனுக்குப் புரியும்படி செய். கொஞ்சம் கொஞ்சமாக வளைந்தால் நீ எந்தப் பக்கம் போகிறாய் என்று அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

வழி யாருக்கு என்று சட்டம் பேசுகிறவர்கள் அங்கேயும் இருப்பார்கள். பேசட்டும். சிவப்பு, பச்சை மிதவைகளுக்கு நடுவே இருப்பது பெரிய போட்டுகளின் பாதை. நீ அதற்கு வெளியே, ஆழம் குறைந்த பக்கமாகப் போ. கடந்தே ஆகவேண்டும் என்றால் நேர் குறுக்கே கட. சாய்வாகப் போனால் பாதைக்குள் இருக்கும் நேரம்தான் கூடும். நாலைந்து பேராகப் போனால் பக்கம்பக்கமாகச் சேர்ந்து கடந்து போங்கள். ஒருவர் பின் ஒருவராக நீண்டு போனால் நடு இடைவெளியில் ஒருத்தன் போட்டை விடுவான்.

கயாக் நீல நிறம், அழகாக இருக்கிறது என்றாள் அம்மா. அழகுதான், தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும். தொப்பியும் லைஃப் ஜாக்கெட்டும் ஆரஞ்சாக இருக்கட்டும். தூரத்திலிருந்து முதலில் கண்ணில் படுவது ஏறி இறங்குகிற துடுப்புதான். அதன் இரண்டு முனையிலும் பளிச்சென்ற டேப் ஒட்டு. யாராவது நேராக வந்தால் துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கி இடவலமாக ஆட்டு. உள்ளே குட்டி உருண்டை இல்லாத விசிலை ஜாக்கெட்டிலேயே கட்டிவை. ஐந்து குட்டை ஊதல் என்றால் ஆபத்து என்று அர்த்தம். ஆனால் இன்ஜின் சத்தத்தில் விசில் கேட்காது, அதை நம்பி நிற்காதே. சாயங்காலம் சூரியன் உன் முதுகுப் பக்கம் இருந்தால் உனக்கு எல்லாம் துல்லியமாகத் தெரியும். எதிரே வருகிறவனுக்குக் கண் கூசும், நீ இருப்பதே தெரியாது. இருட்டுவதற்குள் கரையேறு. தாமதமானால் வெள்ளை வெளிச்சம் தருகிற டார்ச் கையில் இருக்கவேண்டும். பனிமூட்டம் என்றால் இறங்கவே வேண்டாம்.

போட்டு போனபிறகும் வேலை முடியாது. அது கிளப்பிய அலை பின்னாலேயே வரும், ஒன்றல்ல, வரிசையாக. கயாக்கின் மூக்கை அலைக்கு நேராகவோ சற்றுச் சாய்வாகவோ திருப்பி, துடுப்புப் போட்டுக்கொண்டே ஏறு. துடுப்பு தண்ணீரில் இருக்கிறவரை பிடிமானம் உண்டு. திருப்ப நேரமில்லாமல் பக்கவாட்டில் அடித்தால் அலை வருகிற பக்கமே சாய்ந்து, துடுப்பைத் தட்டையாக அலைமேல் வை. பயத்தில் மறுபக்கம் சாய்கிறவர்கள்தான் கவிழ்கிறார்கள். ஆழம் குறைந்த இடத்தில் அதே அலை செங்குத்தாகி உடையும். சுவர் கட்டிய கரையில் மோதித் திரும்பி வந்து இரண்டு பக்கமும் அடிக்கும். அலை வருவது தெரிந்தால் அந்த இரண்டு இடத்தையும்விட்டுத் தள்ளி இரு.

தண்ணீரின் குளிரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஊட்டிக் குளிரில் வளர்ந்தவள் என்ற தைரியம் இங்கே உதவாது. மே மாதத்தில் அங்கே வெயில் அடிக்கும், ஏரித்தண்ணீர் 10 டிகிரிக்கும் கீழே இருக்கும். விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு உன் வசம் இருக்காது. தலையை மேலே வைத்து மூச்சை நிதானத்துக்குக் கொண்டுவருவது மட்டுமே அப்போது உன் வேலை. அடுத்த பத்து நிமிடம் போலத்தான் கைவிரல் சொன்னபடி கேட்கும், கயாக்கில் ஏறுவதானால் அதற்குள். ஒரு மணி நேரம் போல ஆகும்போது நினைவு தப்பும். ஜாக்கெட் போட்டிருந்தால்தான் இந்தக் கணக்கெல்லாம். கயாக்கில் செருகி வைத்த ஜாக்கெட்டைத் தண்ணீருக்குள் மாட்ட முடியாது. எல்லா வாரையும் இறுக்கியபின் யாரையாவது தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல். மோவாயைத் தாண்டி ஏறினால் அளவு பெரிது. உடுப்பையும் தண்ணீரின் குளிருக்கு ஏற்றபடி போடு, வெயிலைப் பார்த்துப் போடாதே.

கவிழ்ந்தால் கயாக்கை விடாதே, கரை பக்கத்தில் தெரிந்தாலும் நீந்திக் கிளம்பாதே. தனித் தலையைவிடக் கயாக் பெரிதாகத் தெரியும். நீ வாங்கிய கயாக்குக்குள் கையை விட்டுப் பார், முன்னும் பின்னும் தண்ணீர் புகாமல் தடுக்கிற அடைப்புச் சுவர் இருக்கிறதா? இல்லையென்றால் தண்ணீர் நிறைந்து கனத்துவிடும், உன்னால் கவிழ்த்துக் காலிசெய்ய முடியாது. முன்னும் பின்னும் காற்றுப்பை வாங்கி அடை. கவிழ்ந்து ஏறும் பயிற்சியை ஜூலையில், இடுப்பளவுத் தண்ணீரில், ஒரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய். பத்து தடவையாவது.

நம் ஊட்டி ஏரியில் காற்று அடித்தால் எதிர்க்கரையில் கொண்டுபோய் ஒதுக்கும், அவ்வளவுதான். ஒண்டாரியோ 311 கிலோமீட்டர் நீளம். கரையிலிருந்து உள்ளே தள்ளுகிற காற்று கரையோரத்தில் அலையே காட்டாமல் உன்னை இழுத்துப் போகும். அப்படி அடிக்கும் நாளில் இறங்காதே. காலையில் சீக்கிரம் போ, காற்றும் குறைவு, போட்டும் குறைவு.

கிளம்பும் இடம், கயாக் நிறம், திரும்பும் நேரம் மூன்றையும் அங்கே இருக்கிற ஒரு தோழிக்கு அனுப்பு. எங்களுக்கு அனுப்பிப் பயனில்லை, உனக்குப் பகல் மூன்று மணி என்றால் இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை.

வர்க்கியும் ஒளிரும் டேப்பும் ஒரே பார்சலில் வருகின்றன. துடுப்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு நாள் நன்றாகக் காயவிட்டு டேப்பை ஒட்டு. ஈரத்தில் ஒட்டினால் உரிந்துவிடும்.

அன்புடன்,
அப்பா