பழச்சாறு எவ்வளவு என்று முன்பக்கத்தில் தமிழில் அச்சிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் என் பேரன் காய்ச்சலால் நான்கு நாட்கள் மருத்துவமனையில் இருந்தான். பார்க்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன ஆரஞ்சு பான டப்பாக்கள் ஒன்பது. சாத்துக்குடி வாங்கி வந்தவர் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் மட்டுமே. மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அட்டையில் பாதி அறுத்த ஆரஞ்சு பளபளவென்று இருக்கிறது. பழத்தைத்தான் வாங்கித் தருகிறோம் என்று அவர்கள் மனதார நம்புகிறார்கள்.

இரவில் உறக்கம் வராமல் ஒரு டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். பொடி எழுத்து, அதுவும் ஆங்கிலம். கண்ணாடி போட்டும் போதாமல் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டுதான் படிக்க முடிந்தது. 200 மில்லி பானத்தில் பழச்சாறு 10 சதவீதம், அதாவது 20 மில்லி. சர்க்கரையோ 26 கிராம். தேக்கரண்டியால் அளந்தால் சாறு நான்கு, சர்க்கரை ஆறுக்கும் மேல்! பெரியவர்களுக்கே ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவை, படுக்கையில் கிடக்கும் ஒரு சிறுவன் ஒரே டப்பாவில் தாண்டிவிடுகிறான். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பதுதான் வேதனை. பழபானம் என்று விற்க 10 சதவீதச் சாறு போதும். எலுமிச்சையானால் 5 சதவீதமே போதும் என்கிறது நம் உணவுப் பாதுகாப்பு விதி.

நடுத்தர அளவுள்ள ஓர் ஆரஞ்சிலும் சுமார் 12 கிராம் சர்க்கரை உண்டு. ஆனால் அதனுடன் 3 கிராம் நார்ச்சத்தும் இருக்கிறது. சுளையை மென்று தின்னும்போது அந்தச் சர்க்கரை இரத்தத்தில் மெதுவாகவே கலக்கும், வயிறும் நிறையும். வைட்டமின் சி ஏறக்குறைய 70 மில்லிகிராம். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 65 போதும் என்பதால் ஒரே பழத்தில் அன்றைய தேவை தீர்ந்துவிடுகிறது. சில பானங்களில் வைட்டமின் சி தனியாகச் சேர்க்கிறார்கள், மறுக்கவில்லை. அதற்காக ஆறு கரண்டி சர்க்கரையைக் குடிக்க வேண்டுமா? கீரையிலும் கம்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் சி துணை செய்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லும்போது, மதிய உணவோடு இரண்டு சுளை என்பதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. வீட்டில் பிழிந்தாலும் வடிகட்டிச் சக்கையை எறிந்துவிட்டால் நார்ச்சத்து போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். விலை சரிந்தால் பறிப்புக்கூலிக்குக்கூடக் கட்டாமல் விவசாயி தவிக்கிறார். அதே வாரம் ஊர்த் திருமண மண்டபத்தில் எலுமிச்சைப் படம் போட்ட பாட்டில்கள் பெட்டி பெட்டியாக இறங்குகின்றன. மோரோ, உப்பிட்ட எலுமிச்சைச் சாறோ கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

என் கோரிக்கை ஒன்றுதான். பழத்தின் படம் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ, அவ்வளவு பெரிய எழுத்தில், டப்பாவின் முன்பக்கத்திலேயே, சாறு எத்தனை சதவீதம், சர்க்கரை எத்தனை கிராம் என்று தமிழில் அச்சிட உணவுப் பாதுகாப்புத் துறை உத்தரவிட வேண்டும். அதுவரை மருத்துவமனை வளாகக் கடைகளிலாவது இந்த டப்பாக்களுக்குப் பதில் பழம் விற்கச் செய்யலாம்.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, புளியங்குடி