பூட்டிய ஃபைலும் அதன் சாவியும்

சென்னை

அன்பு நண்பா,

நலம். அப்பாவுக்கு முட்டி வலி குறைந்ததா?

வேளச்சேரி ஆபீசில், யார் எந்த ஃபைலைத் திறக்கலாம் என்று கட்டுப்படுத்தும் மைக்ரோசாஃப்ட்டின் ஏடி ஆர்எம்எஸ் கொண்டு பூட்டிய வேர்டு ஃபைல்கள் திறக்கவில்லை என்று எழுதியிருந்தாய். சர்வரைத் தொடுமுன் ஒன்றைப் பார். ஒருவருக்குத் திறக்கவில்லையா, எல்லோருக்குமா?

ஒருவருக்கு மட்டும் என்றால், ஆபீஸ் ஆட்களின் கணக்குகள் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் அவர் கணக்கைத் திற. ஜெனரல் பக்கத்தில் இ-மெயில் கட்டம் காலியாக இருக்கும். ஏடி ஆர்எம்எஸ் ஆளை அடையாளம் காண்பது மெயில் முகவரியை வைத்துத்தான், லாகின் பெயரை வைத்து அல்ல. மைக்ரோசாஃப்ட்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்ச் இருந்தால் அதுவே நிரப்பிவிடும். உன்னைப் போல மெயிலை வெளியே வைத்திருக்கும் சின்ன ஆபீசில் யாரும் நிரப்புவதில்லை. பழைய கணக்கைக் காப்பி பண்ணிப் புதுசு போட்டாலும் அந்தக் கட்டம் கூட வராது. நிரப்பியபின் வேர்டை மூடி, அவர் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட் வழியாகப் போய் எம்எஸ்ஐபிசி போல்டரில் உள்ளதை அழி. பழைய ஆபீஸ் என்றால் டிஆர்எம் போல்டர். ஆனால் ஆபீஸ் நெட்வொர்க்கில் இருக்கும்போது மட்டும் அழி. ஆஃப்லைனில் திறக்கும் உரிமமும் அங்கேதான் இருக்கிறது.

ஃபைலைத் திறக்க உரிமை கொடுத்த குரூப்பில் புதிதாகச் சேர்த்தவருக்குத் திறக்கவில்லையென்றால் பதறாதே. சர்வர் குரூப் விவரத்தை 12 மணி நேரம் நினைவில் வைத்திருக்கும். குரூப்புக்கும் மெயில் முகவரி வேண்டும். பாஸ்வேர்டை மறுபடி மறுபடி கேட்டால், சர்வர் முகவரியை லோக்கல் இன்ட்ராநெட் பட்டியலில் சேர்.

எல்லோருக்கும் நின்றிருந்தால் பெரும்பாலும் ஆர்எம்எஸ் ஓடப் பயன்படுத்தும் சர்வீஸ் அக்கவுன்டின் பாஸ்வேர்டு காலாவதி ஆகியிருக்கும். சர்வரின் வெப் சேவையான ஐஐஎஸ்ஸில் ஆர்எம்எஸ்ஸை ஓட்டும் ஆப்பூல் நின்று, பிரௌசரில் சேவை இல்லை என்னும் 503 பிழை காட்டும். புது பாஸ்வேர்டை ஐஐஎஸ்ஸில் மட்டும் மாற்றினால் போதாது, ஆர்எம்எஸ் கன்சோலில் சர்வீஸ் அக்கவுன்ட் மாற்றும் இடத்திலும் கொடு. எஸ்எஸ்எல் சான்றிதழின் தேதியையும் பார்த்துவிடு.

வேலையை விட்டுப் போனவர் பூட்டிய ஃபைலுக்கு சூப்பர் யூசர் குரூப் இருக்கிறது. அது இயல்பில் அணைந்தே இருக்கும். தேவைப்படும்போது ஆளைச் சேர்த்து, முடிந்ததும் நீக்கிவிடு. அதில் இருப்பவர் எந்த ஃபைலையும் திறக்கலாம், சம்பளப் பட்டியல் உள்பட.

எனக்கு உண்மையில் கவலை வேறு. ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் சர்வரின் முகவரி பதிந்திருக்கிறது. மெஷின் பெயரையே முகவரியாக வைத்திருந்தால், மெஷின் மாறும் நாளில் பழைய ஃபைல்கள் பழைய முகவரியைத் தேடிப்போய்த் திறக்காமல் திரும்பும். பழைய பெயரை, பெயர்களுக்கு மெஷினைக் காட்டும் டிஎன்எஸ்ஸில் உயிரோடு வைத்துப் புது மெஷினைக் காட்டு. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 வைத்திருக்கிறாய், அதற்கு மைக்ரோசாஃப்ட்டின் நீட்டித்த ஆதரவும் 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது. மாற்றும் வேலை எப்படியும் வரும்.

அதற்கு முன், கன்சோலில் டிரஸ்ட் பாலிசீஸ் கீழே டிரஸ்டட் பப்ளிஷிங் டொமைன்ஸ் போய், பாஸ்வேர்டு போட்டு எக்ஸ்போர்ட் செய். ஒரே ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல், பூட்டிய எல்லாவற்றுக்கும் சாவி அதுதான். டேட்டாபேஸ் பேக்கப்பும் எடு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரியில் தண்ணீர் புகுந்த உயரம் உனக்குத் தெரியும். உன் சர்வர் தரைத்தளத்தில் இருக்கிறது. பென்டிரைவ் ஒன்றில் போட்டு, பாஸ்வேர்டைத் தனிக்காகிதத்தில் எழுதி, இரண்டையும் வெவ்வேறு வீட்டில் வை. ஒன்றை என்னிடம் கொடு, பத்திரமாக வைக்கிறேன்.

எக்ஸ்போர்ட் முடிந்ததும் ஒரு போன் போடு.

அன்புடன்,
உன் நண்பன்